சுற்றுப்பாதை இல்லாத ஊர்

மூன்றடுக்கு டிபன் கேரியரோடு அபர்டீன் பஜார் மணிக்கூண்டருகே நின்றிருந்தேன். மேலடுக்கில் ரசம் சாதம், நடுவில் புடலங்காய்க் கூட்டு, அடியில் சுட்ட அப்பளம். மேட்டின் மேலே, ஜி.பி.பந்த் மருத்துவமனையில் படுத்திருந்த பெரியம்மாவுக்கு. வீட்டில் மூடியபோது ரசம் ஆவி பறந்துகொண்டிருந்தது. அங்கிருந்து மருத்துவமனைக்குப் பத்து நிமிட ஏற்றம்தான். ஆனால் சாலைக்குக் குறுக்கே மஞ்சள் நைலான் கயிறு. ஒரு முனை மின்கம்பத்தில், மறுமுனை ஓர் இளம் காவலரின் கையில்.

"பஸ், ஆதா கண்டா, சாச்சா" என்றார் அவர். அரை மணிதானாம். வங்காளிப் பையன், தமிழ் ஆள், நடுவில் இந்தி. போர்ட் பிளேரில் எல்லாரும் எல்லாரோடும் அப்படித்தான் பேசிக்கொள்கிறோம்.

அரை மணி, முக்கால் ஆயிற்று. எனக்கு முன்னால் ஓர் ஆட்டோவில் மடியில் எக்ஸ்ரே கவரோடு ஒரு பெண். பக்கத்தில் சாக்குப்பையில் மீன் வைத்திருந்த ஒருவர், பையை வெயிலிலிருந்து நிழலுக்கும், நிழல் நகர நகர அதன் பின்னாலும் நகர்த்திக்கொண்டிருந்தார். ஆட்டோக்காரர் சிவகங்கைப் பக்கம். "டெய்லி டெலிகிராம்ஸ்ல போட்டிருந்தாங்களாம்ணே. நாம எங்க பேப்பர் பாத்தோம்?" என்றார். நிர்வாகம் நடத்தும் தினசரி அது. அதில் அறிவிப்பு வந்துவிட்டால் ஊருக்கே சொல்லியாயிற்று என்று கணக்கு.

ஒரு வழியாக வந்தன. முன்னால் ஒரு ஜீப், பின்னால் ஒரே நிறத்தில் ஐந்தாறு கார்கள், கடைசியில் ஓர் ஆம்புலன்ஸ். கார்களின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஓட்டுநர்கள் இருந்தார்கள், பின்சீட்டில் ஒருவருமில்லை. தலைவர் மறுநாள்தான் வருகிறார். அன்று நடந்தது ஒத்திகை.

பெரியம்மா ஆறிப்போன ரசத்தை ஒரு வாய் எடுத்துவிட்டு, "ஏம்ப்பா இவ்வளவு நேரம்? யாரு வந்தாங்க?" என்றார்.

"யாரும் வரல, பெரியம்மா."

எந்தத் தலைவர், எந்த வருஷம் என்பது இங்கே வேண்டாம். யார் வந்தாலும் அந்தக் கயிறு அங்கேதான் கட்டப்படும்.

ஒத்திகையைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. பெரிய தலைவர் வந்துபோன நாளில் ஊர் முடங்கியது என்றுதான் பத்திரிகையில் வரும். அதற்கு முந்தைய நாட்கள் கணக்கிலேயே சேர்வதில்லை. இந்திரா காந்தி கொலைக்குப் பிறகு 1985-ல் உருவாகி, 1988-ல் தனிச் சட்டம் பெற்ற எஸ்.பி.ஜி. என்னும் சிறப்புப் பாதுகாப்புப் படை, பிரதமர் ஓர் ஊருக்குப் போவதற்குப் பல நாட்கள் முன்பே அங்கே போய் இறங்குகிறது. புளூ புக் என்று அழைக்கப்படும் விதிப்புத்தகப்படி உள்ளூர்க் காவல்துறை, தீயணைப்பு, மருத்துவம், மின்சாரம் என்று எல்லாத் துறைகளையும் உட்காரவைத்துக் கூட்டம் நடக்கிறது. பாதையைக் குறிக்கிறார்கள், மாற்றுப் பாதையையும் குறிக்கிறார்கள். பிறகு கார் வரிசையை நிஜமாகவே ஓட்டிப் பார்க்கிறார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பிரதமரையும், ஸ்ரீபெரும்புதூரில் ஒரு முன்னாள் பிரதமரையும் பறிகொடுத்த நாடு இது. ஆனால் 'மாற்றுப் பாதை' என்ற அந்தச் சொல் போர்ட் பிளேருக்கு வந்ததும் சற்றுத் திணறுகிறது.

ஒரே மேட்டில் எல்லாம்

ஊரைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் வழி சொல்கிறேன். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு மாதிரி ஒரு மேடு. அதன் பெயர் அட்லாண்டா பாயிண்ட். உச்சியில் செல்லுலார் சிறை. 1906-ல் கட்டி முடித்தபோது ஏழு கைகள் விரித்த கட்டடம் அது. இப்போது மூன்று கைகள்தான் மிச்சம். இடிந்த கைகள் இருந்த இடத்தில் 1960-களில் எழுந்ததுதான் ஜி.பி.பந்த் மருத்துவமனை. தீவுகள் முழுவதற்கும் பெரிய மருத்துவமனை அது ஒன்றே. மேட்டிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கினால் நேதாஜி ஸ்டேடியம், மரீனா பார்க், ராஸ் தீவுக்குப் படகு கிளம்பும் ஜெட்டி. ஊர்ப் பக்கம் இறங்கினால் அபர்டீன் பஜார், மணிக்கூண்டு, பேருந்து நிலையம். இவ்வளவும் நடந்தே சுற்றிவிடக்கூடிய தூரத்துக்குள்.

இங்கே வருகிற எந்தத் தலைவரும் செல்லுலார் சிறைக்குப் போகாமல் திரும்புவதில்லை. கூட்டம் என்றால் நேதாஜி ஸ்டேடியம்; வேறு பெரிய மைதானத்துக்கு நாங்கள் எங்கே போவது? ஆக தலைவர் போகும் வழியும், நோயாளி போகும் வழியும், காய்கறி வாங்கப் போகும் வழியும், ஊருக்குப் பஸ் பிடிக்கப் போகும் வழியும் ஒன்றே. மதுரையில் மாநாடு என்றால் ரிங் ரோட்டில் வண்டிகளைத் திருப்பிவிடலாம். இங்கே திருப்பிவிட்டால் கடல்.

நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்: ஆம்புலன்ஸை யாரும் நிறுத்துவதில்லை. கயிற்றை இறக்கி வழிவிடுகிறார்கள். ஆனால் மருத்துவமனைக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் ஆம்புலன்ஸில் வருகிறார்கள்? டிக்லிபூரிலிருந்து ஒருவர் ஸ்கேன் எடுக்க வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடகோடி அது, அந்தமான் டிரங்க் ரோட்டில் 300 கிலோமீட்டருக்கு மேல். ஜாரவா பழங்குடியினரின் காட்டுக்குள் வண்டிகள் தனியாகப் போக முடியாது. குறித்த நேரங்களில் கான்வாய் வரிசையில், முன்னும் பின்னும் காவலோடுதான் போகவேண்டும். நடுவே நீரிணையில் வண்டியோடு படகேற வேண்டும். அதையெல்லாம் தாண்டி வந்தவரை, கடைசி அரைக் கிலோமீட்டரில் நைலான் கயிறு நிறுத்திவைக்கிறது. அவரிடம் சைரன் இல்லை. ஒரு எக்ஸ்ரே கவர்தான் இருக்கிறது.

ஓடுதளமும் அப்படியே. பயணிகள் விமான நிலையமும் கடற்படையின் ஐ.என்.எஸ். உத்க்ரோஷ் தளமும் ஒரே ஓடுதளத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. 2023 ஜூலையில் சிப்பி வடிவில் பளபளவென்று புது முனையம் திறந்தார்கள். கட்டடம் பெரிதாயிற்று, ஓடுதளம் என்னவோ அதே ஒன்றுதான். முக்கியப் பிரமுகரின் விமானம் இறங்கும் நேரத்தில் மற்ற விமானங்கள் காத்திருக்க வேண்டும். சென்னையில் அப்படி ஆனால் வானத்தில் நாலு சுற்று சுற்றலாம், ரொம்ப மோசமென்றால் பெங்களூருக்குப் போகலாம். இங்கே பயணிகள் விமானத்துக்கு அடுத்த ஊர் என்பதே சென்னை அல்லது கொல்கத்தா. கப்பலில் வரலாமே என்றால் சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர்; மூன்று நாள் பயணம்.

கூட்டம் எங்கிருந்து வரும்?

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அரசியல் கூட்டம் என்றால் ஒரு சித்திரம் உண்டு. கொடி கட்டிய வேன்கள், லாரிகள், சுங்கச்சாவடியில் நெரிசல், சாலையோரம் பிளக்ஸ் பேனர். 2023 ஆகஸ்டில் மதுரை வலையங்குளத்தில் அ.தி.மு.க. மாநாடு முடிந்த மறுநாள், சமைத்த சாதம் மைதானத்தில் கொட்டிக் கிடந்ததை நாடே படமாகப் பார்த்தது. 2025 செப்டம்பர் 27 அன்று கரூர் வேலுசாமிபுரத்தில் பகல் முழுக்கக் காத்துக்கிடந்த கூட்டத்தில் 41 பேர் நெரிசலில் சிக்கி இறந்தார்கள். அதை எழுதும்போது இன்னும் கை தயங்குகிறது. அங்கெல்லாம் தொல்லையின் வடிவம் ஒன்றுதான்: வெளியூர்க் கூட்டம் வந்து ஓர் ஊரின் மேல் விழுகிறது.

தீவில் அது தலைகீழ். வெளியிலிருந்து கூட்டம் வர வழியே இல்லை. மெயின்லேண்டிலிருந்து விமானத்தில் ஏற்றிவந்து மைதானம் நிரப்ப எந்தக் கட்சியாலும் ஆகாது. 2011 கணக்கெடுப்பில் மொத்தத் தீவுகளின் மக்கள்தொகையே 3,80,581. சென்னையில் ஒரு பெரிய மண்டலத்துக்குக்கூடக் காணாது. போர்ட் பிளேர் ஒரு லட்சத்துச் சொச்சம். ஆகவே மைதானம் நிரம்ப வேண்டுமென்றால் ஊர்தான் எழுந்துபோய் அதில் உட்கார வேண்டும். டீக்கடைக்காரர், பள்ளி ஆசிரியை, ஜெட்டியில் டிக்கெட் கிழிப்பவர், ஒன்பதாம் வகுப்பு மாணவன் எல்லாரும் கூட்டமாகிவிட்டால், டீக்கடையிலும் பள்ளியிலும் ஜெட்டியிலும் யார் இருப்பார்கள்? மற்ற ஊர்களில் கூட்டம் ஊரை மறிக்கிறது. இங்கே கூட்டத்துக்குத் தேவையான ஆட்களை ஊரிலிருந்தே பிடுங்கி எடுக்க வேண்டியிருக்கிறது.

ஆட்கள் மட்டுமா? கிராமங்களிலிருந்து அழைத்துவர அரசுப் பேருந்துகள் வேண்டும். அவை எந்தத் தடங்களிலிருந்து எடுக்கப்படுகின்றனவோ அந்தத் தடங்களில் அன்று பஸ் கிடையாது. நாற்காலி, ஷாமியானா, ஜெனரேட்டர், மைக் செட் எல்லாம் ஊரில் உள்ள வாடகைக் கடைகளிலிருந்துதான். பக்கத்து மாவட்டத்திலிருந்து லாரியில் வரவழைக்கலாமென்றால் பக்கத்து மாவட்டத்துக்கும் நமக்கும் நடுவே கடல் இருக்கிறது. டிசம்பர் கடைசி என்றால் மார்கழி. நம்மவர் வீடுகளில் கல்யாணம் இல்லை, தப்பித்தோம். தை பிறந்தபின் யாராவது பெரியவர் வந்தால் பந்தலுக்குப் பெண் வீட்டாரும் நிர்வாகமும் ஒரே கடையில் போய் நிற்க வேண்டியதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஊரில் நடக்கும் பெரிய அரசியல் கூட்டங்கள் பெரும்பாலும் 'அரசியல் கூட்டம்' என்ற பெயரில் நடப்பதில்லை. அந்தமான் நிக்கோபாருக்குச் சட்டமன்றம் கிடையாது. ஒரே ஒரு மக்களவைத் தொகுதி, துணைநிலை ஆளுநர், நிர்வாகம், அவ்வளவுதான். ஒரு எம்.பி. சீட்டுக்காக எந்தக் கட்சியும் லட்சம் பேரைக் கூட்டி மாநாடு போட்டதில்லை. இங்கே பெரியவர்கள் வருவது ஆண்டுவிழாவுக்கு, பெயர்சூட்டு விழாவுக்கு, அடிக்கல் நாட்ட. மேடையில் பேசப்படுவது அரசியலாக இருக்கலாம், அழைப்பிதழ் அரசினுடையது. அரசு ஊழியர்கள் நிறைந்த ஊரில் அப்படி ஓர் அழைப்பு வந்தால், அன்றைக்கு வேறு வேலை இருக்கிறது என்று சொல்ல எவருக்கும் தோன்றாது. செலவு எவ்வளவு, ஊருக்கு நஷ்டம் எவ்வளவு என்று எழுந்து கேட்கச் சட்டமன்றத்தில் ஒரு எம்.எல்.ஏ.வாவது இருப்பார் மாநிலங்களில். இங்கே கேள்வி கேட்கும் அந்த நாற்காலியே போடப்படவில்லை.

அமெரிக்காவில் இரண்டு பெரிய கட்சிகளும் நான்காண்டுக்கொரு முறை தேசிய மாநாடு நடத்துகின்றன. அதை நடத்தும் நகரத்துக்குப் பாதுகாப்புச் செலவுக்கென்று மத்திய அரசு 2004-லிருந்து பல மாநாடுகளுக்கு 5 கோடி டாலர் வீதம் ஒதுக்கிவந்தது. அங்கேயும் வேலி போட்ட பகுதிக்குள் கடை வைத்திருப்பவர்கள், கூட்டம் வரும் என்று நம்பிக் கூடுதலாகச் சரக்கு வாங்கிவைத்து ஈயோட்டிய கதைகள் உண்டு. ஆனால் நகரங்கள் போட்டி போட்டுக்கொண்டு விண்ணப்பித்துத்தான் மாநாட்டை வாங்குகின்றன. எங்களை யாரும் கேட்பதில்லை.

2018 டிசம்பர் 30

அந்தமானில் சமீப காலத்தில் நடந்ததிலேயே பெரிய விழா அதுதான். 1943 டிசம்பர் 30 அன்று சுபாஷ் சந்திர போஸ் போர்ட் பிளேரில் மூவர்ணக் கொடி ஏற்றியதன் 75-ஆம் ஆண்டு. முதல் நாள் இரவே பிரதமர் மோடி வந்துவிட்டார். காலையில் கார் நிக்கோபாரில் சுனாமி நினைவிடம். பேரலையின் நினைவு நாளான டிசம்பர் 26 கழிந்து நான்கே நாட்கள். பிறகு போர்ட் பிளேர். செல்லுலார் சிறை, சவுத் பாயிண்டில் 150 அடி உயரக் கம்பத்தில் கொடி, மரீனா பார்க்கில் நேதாஜி சிலைக்கு மலர், கடைசியாக நேதாஜி ஸ்டேடியத்தில் கூட்டம். தபால்தலை, 75 ரூபாய் நாணயம் வெளியீடு.

நாளைக் கவனியுங்கள். டிசம்பர் கடைசி வாரம்தான் தீவுகளின் உச்ச சீசன். ஓட்டல் அறை கிடைக்காது, ஹேவ்லாக் கப்பலுக்கு டிக்கெட் கிடைக்காது, புத்தாண்டுக்கு வந்த தேனிலவுத் தம்பதிகள் கையில் அட்டவணையோடு அலைவார்கள். காலையில் சிறை, மதியம் ராஸ், மாலை மரீனா பார்க் என்பதே எல்லா டூர் ஏஜென்ட்டுகளும் போடும் முதல் நாள் திட்டம். பிரதமரின் அன்றைய திட்டத்தோடு அது எவ்வளவு ஒத்துப்போகிறது பாருங்கள். வருடத்தின் மற்ற மாதங்களுக்கும் சேர்த்துச் சம்பாதிக்கிற ஆட்டோக்காரருக்கும் படகோட்டிக்கும் அந்த வாரத்தில் ஒரு நாள் என்பது மழைக்காலத்தின் பத்து நாளுக்குச் சமம்.

அன்று மேடையிலிருந்து பிரதமர், நேதாஜிக்கு மரியாதையாக எல்லாரும் கைப்பேசியின் டார்ச்சை ஒளிரவிடக் கேட்டுக்கொண்டார். அரங்கம் மின்மினிக் காடு மாதிரி மினுங்கியது. அழகான காட்சிதான். ஆனால் அதைப் படமெடுத்து மதுரையில் இருக்கும் தங்கைக்கு உடனே அனுப்ப முடியுமா என்றால் முடியாது. அப்போது தீவுகளின் இணையம் முழுக்கச் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. ஒரு புகைப்படம் போய்ச் சேர்வதற்குள் சுற்றிச் சுற்றிக் கண் வலிக்கும். அதே நாளில்தான் சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டருக்கு ஆப்டிகல் ஃபைபர் கேபிள் போடவும் அடிக்கல் நாட்டப்பட்டது. 2020 ஆகஸ்ட் 10 அன்று அது இயங்கத் தொடங்கியது. என் வயதில் ஊருக்கு நேர்ந்த பெரிய நல்லது எது என்று கேட்டால், யோசிக்காமல் அந்தக் கேபிளைத்தான் சொல்வேன். அதற்காக ஒரு நாள் கயிற்றுக்குப் பின்னால் நிற்கச் சொன்னால் மறுநாளும் சேர்த்து நிற்பேன். கேபிளுக்கு நேதாஜி ஸ்டேடியத்தில் கூட்டம் எதற்கு, அது கடலுக்கடியில்தானே போகிறது என்று கேட்டால் என்னிடம் பதிலில்லை.

அன்றே மூன்று தீவுகளுக்குப் பெயர் மாறியது. ராஸ், நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு ஆனது. நீல், ஷஹீத் தீவு. ஹேவ்லாக், ஸ்வராஜ் தீவு. 1943-ல் நேதாஜி ஷஹீத் என்று அழைத்தது அந்தமான் முழுவதையும், ஸ்வராஜ் என்று அழைத்தது நிக்கோபார் முழுவதையும். 75 ஆண்டு கழித்து அந்தப் பெயர்கள் இரண்டு சுற்றுலாத் தீவுகளின் மேல் வந்து உட்கார்ந்தன. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜய புரம் ஆகிவிட்டது. ராஜேந்திர சோழனை நினைத்துத் தமிழர்களுக்குக் கொஞ்சம் பெருமை; இருந்தாலும் ஜெட்டியில் நிற்கும்போது வாயில் வருவது போர்ட் பிளேர்தான், ஹேவ்லாக்தான்.

கொடி ஏறிய நாளில் ஊர் எங்கே இருந்தது?

75 ஆண்டு விழா எதைக் கொண்டாடியதோ, அந்த மூல நிகழ்ச்சிக்கே போய்ப் பார்த்தால் இன்னொரு கயிறு தெரிகிறது.

1942 மார்ச் 23 அன்று ஜப்பானியர் போர்ட் பிளேரைப் பிடித்தார்கள். முதலில் விடுதலை வீரர்களாக வந்தவர்கள், சில மாதங்களில் ஊரையே ஒற்றர் என்று சந்தேகிக்கத் தொடங்கினார்கள். உள்ளூர் ஆட்களைக் கட்டாய வேலைக்கு இழுத்து, லம்பா லைன் பக்கம் விமானத்தளம் போட வைத்தார்கள். இந்திய சுதந்திர லீக்கின் உள்ளூர்த் தலைவராக இருந்த டாக்டர் திவான் சிங்கையே 1943 அக்டோபரில் பிடித்துச் செல்லுலார் சிறையில் அடைத்தார்கள். டிசம்பர் 29 அன்று நேதாஜி வந்து இறங்கியபோது திவான் சிங் அந்தச் சிறைக்குள்தான் சித்திரவதைப்பட்டுக்கொண்டிருந்தார். நேதாஜி சிறையைப் பார்வையிட்டார். பார்க்க வேண்டியதை மட்டும் ஜப்பானியர் காட்டினார்கள். ராஸ் தீவில் பழைய சீஃப் கமிஷனர் மாளிகையில் தங்கவைத்தார்கள். ஊர் மக்கள் அவரைத் தனியாகச் சந்தித்துத் தங்கள் கதையைச் சொல்ல வழி விடவில்லை. ஜிம்கானா மைதானத்தில் கொடி ஏறியது. கூட்டம் கூடியது. கைதட்டியது. சொல்ல நினைத்ததைச் சொல்லாமல் வீட்டுக்குப் போனது.

திவான் சிங் 1944 ஜனவரி 14 அன்று இறந்தார். கொடியேற்றி சரியாக ஒரு மாதத்தில், ஜனவரி 30 அன்று, ஹம்ஃப்ரிகஞ்சில் 44 இந்தியர்களை ஒற்றர் என்று சொல்லிச் சுட்டுக் குழியில் தள்ளினார்கள். நினைவிடம் இன்றும் இருக்கிறது. பிறகு நேதாஜியின் ஆசாத் ஹிந்த் அரசின் சார்பில் சீஃப் கமிஷனராக வந்தவர் ஒரு தமிழர், மருத்துவர், மேஜர் ஜெனரல் ஏ.டி.லோகநாதன். கையில் பதவி இருந்தது. பள்ளிக்கூடங்களைத் தவிர வேறெதையும் ஜப்பானியர் அவரிடம் விடவில்லை.

நேதாஜியை இதில் குறை சொல்கிறவன் நானல்ல. அவருக்குக் காட்டப்படவில்லை, அவ்வளவுதான். பெரிய தலைவர் வரும் நாளில் ஊர் அடுக்கி வைக்கப்படுகிறது. வெள்ளையடித்த சுவர், புதுத் தார் போட்ட சாலை, கைதட்டும் முதல் வரிசை. 2023 செப்டம்பரில் ஜி-20 மாநாட்டுக்கு டெல்லியில் குடிசைப் பகுதிகளைப் பச்சைத் துணி போட்டு மறைத்தார்கள். பள்ளி, வங்கி, அலுவலகம் எல்லாவற்றுக்கும் மூன்று நாள் விடுமுறை. 2019 அக்டோபரில் மாமல்லபுரத்தில் மோடியும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தபோது சாலையோரக் கடைகளை அகற்றினார்கள். சுற்றுவட்டார மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்றார்கள். அர்ஜுனன் தபசைச் சீன அதிபர் பார்த்தபோது அதன் எதிரே வழக்கமாகச் சங்கும் பாசியும் விற்கும் ஆட்களில் ஒருவரும் இல்லை. மாமல்லபுரத்தை அவர் பார்த்தார் என்று எப்படிச் சொல்வது?

எங்களுக்கும் கூட்டம் கூட்டத் தெரியாமல் இல்லை. பங்குனி உத்திரத்துக்கு வெற்றிமலை முருகன் கோயிலுக்குக் காவடி புறப்பட்டால் சாலை நின்றுதான் போகும். ஆனால் அந்தக் கூட்டத்தின் குறுக்கே டிபன் கேரியரோடு நடந்துபோகலாம். நாலு பேர் விலகி வழிவிடுவார்கள், ஐந்தாவது ஆள் கேரியரில் என்ன என்று கேட்பார், ஆறாவது ஆள் மோர் கொடுப்பார். வங்காளிகளும் தெலுங்கர்களும் நின்று பார்ப்பார்கள்.

தலைவர் வந்துபோன மறுநாள் காலை ஸ்டேடியம் பக்கம் போனால், பந்தல்கால் நட்ட குழிகள் வரிசையாக இருக்கும். வாடகைக் கடைப் பையன்கள் நாற்காலிகளைப் பத்துப் பத்தாக அடுக்கிக்கொண்டிருப்பார்கள். ஓட்டப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் குழிகளைப் பார்த்துப் பார்த்துத் தாண்டி ஓடும்.

கூட்டத்துக்கு வந்தவர்கள் திரும்பிப் போவதைப் பார்க்க வேண்டுமானால் கூட்டம் நடந்த அன்று மாலை சாத்தம் ஜெட்டிக்குப் போக வேண்டும். எதிர்க்கரை பாம்பூ ஃப்ளாட். படகில் கால் மணி நேரம்கூட இல்லை, சாலையில் சுற்றிப் போனால் 40 கிலோமீட்டருக்கு மேல். கரைக்கு இந்தப் பக்கம் வேலை, அந்தப் பக்கம் வீடு என்று வாழ்கிறவர்கள் ஆயிரக்கணக்கில். பாம்பூ ஃப்ளாட்டுக்குப் பக்கத்தில்தான் பானிகாட், பழைய ஹோப் டவுன்.

இந்த ஊருக்கு வந்த முதல் பெரிய வி.ஐ.பி.யின் கதை அங்கேதான் முடிந்தது. 1872 பிப்ரவரி 8. வைஸ்ராய் மேயோ பிரபு 'கிளாஸ்கோ' என்ற போர்க்கப்பலில் வந்தார். அன்று முழுக்கக் காவல் கடுமை. கைதிகளை வேலையில் கட்டிப்போட்டிருந்தார்கள். வைஸ்ராயின் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் துப்பாக்கி ஏந்திய காவலர்கள். ராஸ், வைப்பர், சாத்தம் எல்லாம் பார்த்து முடித்தாயிற்று. வெளிச்சம் இன்னும் இருக்கிறதே, மவுண்ட் ஹாரியட் உச்சியிலிருந்து சூரியன் மறைவதைப் பார்த்துவிடலாம் என்று அவருக்கு ஆசை வந்தது. பார்த்தார். இறங்கி வருவதற்குள் இருட்டிவிட்டது. தீவட்டி வெளிச்சத்தில் ஹோப் டவுன் துறையில் படகேறப் போகும்போது, ஷேர் அலி என்ற கைதி பின்னாலிருந்து பாய்ந்து கத்தியால் குத்தினான். அங்கே நாவிதனாக வேலை பார்த்தவன். காலையிலிருந்து நெருங்க முடியாமல் காத்திருந்தவன். மார்ச் 11 அன்று வைப்பர் தீவில் அவனைத் தூக்கிலிட்டார்கள்.

ஒத்திகை ஏன் வேண்டியிருக்கிறது, திட்டத்தில் இல்லாத இடத்துக்குத் தலைவர் ஏன் போகக்கூடாது என்பதற்கெல்லாம் பதில் அந்தத் துறையில் இருக்கிறது. அதனால்தான் கயிறு பிடித்த அந்தப் பையனிடம் எனக்குக் கோபம் வரவில்லை. அவனும் காலை நாலு மணியிலிருந்து நிற்கிறான். ஸ்டேஷனில் அவனுக்குப் பதில் ஆள் இல்லை. கூடுதல் படை வேண்டுமென்றால் அதுவும் கடல் தாண்டித்தான் வர வேண்டும்.

மாலை ஆறு மணிக்கெல்லாம் இங்கே இருட்டிவிடும். ஒத்திகைக்கு மறுநாள், தலைவர் வந்த அன்று மாலை, சாத்தம் மரஅறுவை மில்லைத் தாண்டி ஜெட்டி வரைக்கும் வரிசை நின்றது. பள்ளிச் சீருடையில் பிள்ளைகள், சேலைத் தலைப்பால் முகம் துடைக்கும் பெண்கள், காய்கறிப் பையில் செருகிய காகிதக் கொடிகள். முதல் படகு நிரம்பிவிட்டது. அடுத்த படகு எப்போது என்று கேட்டவர்களுக்குப் படகுக்காரர் ஒரு விரலைக் காட்டினார். ஒரு மணி நேரமா, ஒரே ஒரு படகுதான் பாக்கியா என்று வரிசையில் சண்டை வந்தது. முந்தைய நாள் பார்த்த மீன் சாக்குக்காரரும் அங்கே நின்றிருந்தார். பை காலியாக, நாலாக மடித்து அக்குளில்.

"வித்துச்சா?" என்றேன்.

"பாதி விலைக்கு" என்றார். படகு அந்தப் பக்கத்திலிருந்து விளக்கோடு கிளம்புவது தெரிந்தது.